நாடு கடத்தப்பட்ட குயவர்



குயவன் வீடு என்றதும் நாம் எரேமியா 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து, களிமண்ணைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். அடியேனும் அவ்வாறே பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இவ்வாரம் ஒரு குயவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் டேவிட் ஓகன்னெசியன், ஆர்மீனியக் கிறிஸ்தவர். சென்னை அரண்மனைக்காரத் தெருவுக்குப் பெயர் தந்தவர்களும் ஆர்மீனியரே.

துருக்கியிலுள்ள கூத்தாகியா நகரம் பல தலைமுறைகளாகப் பீங்கான் ஓடுகளுக்குப் பேர்போனது. அங்கே இவர் தேர்ந்த கைவினைஞராக விளங்கினார். சுட்ட ஓட்டின்மீது ஊசித்துளையிட்ட தாளை விரித்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். விழும் புள்ளிகளைத் தொடர்ந்து தூரிகையால் கோடிட்டு, வர்ணம் நிரப்பி, மெருகுக் குழம்பில் தோய்த்து மீண்டும் சூளையில் வைப்பார்கள். சூளைக்குப் போகுமுன் வர்ணங்கள் மங்கலாகவே இருக்கும். நீலமும் பச்சையும் தங்கள் ஒளியை நெருப்பில்தான் பெறும்.

அவ்வூர்க் குயவர் ஆலயங்களுக்கென்று பீங்கான் முட்டைகளும் செய்தனர். ஆறு செட்டைகளுள்ள சேராபீன்கள் தீட்டப்பட்ட அம்முட்டைகள் ஆலய விளக்குகளின் சங்கிலிகளில் தொங்கும். முட்டை உயிர்த்தெழுதலின் அடையாளம். எண்ணெயைத் தேடிச் சங்கிலி வழியாக இறங்கும் எலி அதில் வழுக்கி விழும் என்று சொல்வோரும் உண்டு! எருசலேமின் பரிசுத்த யாக்கோபு பேராலயத்தில் 18-ஆம் நூற்றாண்டுக் கூத்தாகியா ஓடுகளை இன்றும் காணலாம். வேதாகமக் காட்சிகள் தீட்டப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

1915-இல் ஆர்மீனியர்மேல் பேரழிவு வந்தது. 1916-இல் ஓகன்னெசியனும் குடும்பத்தோடு சிரியாவை நோக்கித் துரத்தப்பட்டார். அலெப்போவில் அகதியாயிருந்த அவரை, போருக்கு முன்பே அவரிடம் ஓடுகள் செய்வித்திருந்த ஆங்கிலேயர் மார்க் சைக்ஸ் மீண்டும் கண்டார். அதன் பயனாக 1919-இல் எருசலேமுக்கு அழைப்பு வந்தது. எதற்கு? இஸ்லாமியரின் புனித ஸ்தலமாகிய பாறைக் குவிமாடத்தின் சிதைந்த ஓடுகளைப் புதுப்பிப்பதற்கு!

தம் ஜனம் பட்டதையெல்லாம் கண்ணால் கண்டவர் அவர். அவ்வேலையை ஏற்றபோது அவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவர் ஏற்றார். ஆனால் அத்திட்டம் நிறைவேறவில்லை. குவிமாடத்திற்கு அவருடைய ஓடுகள் ஏறவேயில்லை. அதற்காக அவர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. சிலுவைப் பாதையில் தம் பட்டறையை நடத்தி, உபத்திரவத்தில் பெற்றோரை இழந்த ஆர்மீனியப் பிள்ளைகளுக்கு அத்தொழிலைக் கற்பித்தார். அவர் கூத்தாகியாவிலிருந்து வரவழைத்த பாலியான், கராகாஷியான் என்னும் இருவர் 1922-இல் தனிப் பட்டறை தொடங்கினர்.

அந்தப் பட்டறைகளில் பிறந்த சித்திரங்களுள் எனக்கு மிகவும் பிரியமானது ஒன்றுண்டு: ஜாடியிலிருந்து படரும் திராட்சக்கொடி, அதன் வளையங்களுக்குள் பறவைகள். தமஸ்கு வாசலுக்கு அருகே 1894-இல் கண்டெடுக்கப்பட்ட பழைய ஆர்மீனியக் கல்லறை ஆலயத்தின் தரைச் சித்திரமே அதற்கு மூலம். கர்த்தர் மாத்திரம் பெயரறிந்த ஆர்மீனியரின் நினைவாக அது அமைக்கப்பட்டதென்று அங்குள்ள எழுத்து கூறுகிறது. வனாந்தரத்தில் கல்லறையின்றி மாண்டவர்களின் பிள்ளைகள் அந்தப் பறவைகளைத் தட்டுகளில் தீட்டினார்கள்.

1948-இன் போரில் ஓகன்னெசியன் மீண்டும் அகதியானார். கெய்ரோவுக்குப் போய், பின் பெய்ரூத்தில் 1953-இல் மரித்தார். எருசலேமின் ராக்பெல்லர் அருங்காட்சியகச் சுவரில் அவர் செய்த நீல ஓடுகள் இன்னும் இருக்கின்றன.