ரங்கூன் வழியாப் போன கோமெட்டும் ஒரு ஆணித்துளையும்

விமானத்து ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையைப் பார்த்திருக்கீங்களா? வரிசை வரிசையா புள்ளிகள். எல்லாம் ரிவிட். (நம்மாளுங்க ஒருத்தருக்கொருத்தர் அடிக்கிற ரிவிட் இல்லீங்க, நிஜ ரிவிட் :-)) கப்பலையே வெல்டிங் வைக்கிற காலத்தில் இதை மட்டும் ஏன் இன்னும் துளை போட்டு அடிக்கிறாங்க?

பதிலோட ஒரு நுனி நான் இருக்கிற தாமுவேக்குப் பக்கத்திலேயே இருக்கு. இங்கிருந்து வடக்கே மிங்கலாடன் விமான நிலையம். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட், 1950-களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு பாங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று இறங்கி இறங்கித்தான் போகும். அப்படிப் போன ஒன்று, 1954 ஜனவரி 10 அன்று ரோமை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் எல்பா தீவருகே வானிலேயே உடைந்தது. 35 பேரும் போய்விட்டார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு கோமெட், 21 பேர்.

ஃபார்ன்பரோவில் ஆர்னால்டு ஹால் குழு ஒரு முழு கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கியது. முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057-வது சுற்றில் உடல் கிழிந்தது. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் விமானம் பலூன் மாதிரி கொஞ்சம் உப்பும், இறங்கினா சுருங்கும். எல்பாவில் விழுந்தது ஏறக்குறைய 1,290 தடவை அப்படி உப்பியிருந்தது. ரங்கூனில் இறங்கி ஏறியதும் அந்தக் கணக்கில் ஒண்ணுதான்.

'சதுர ஜன்னலாலதான் விழுந்துச்சு' என்று எல்லாரும் சொல்வாங்க. மூலையில் அழுத்தம் குவிந்தது உண்மைதான். ஆனால் விரிசல் கால் ஊன்றியது, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில், ஒரு ஆணித்துளையில்.

அப்போ துளையே போடாம வெல்டிங் வைச்சா? அங்கதான் சிக்கல். விமானத் தோலுக்கான அலுமினியக் கலவையின் பலமே, 1906-ல் ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்த முறையில் அதற்குள் விளைகிற நுண்துகள்களில் இருக்கு. வெல்டிங் சூடு பட்டால் அவை கரைஞ்சோ பருத்தோ போயிடும். கோட்டுக்கு இருபுறமும் உலோகம் தளர்ந்துடும். உருகி இறுகும்போது வெடிப்பு வேற.

1991-ல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ ஆய்வு நிறுவனம் உருக்காமலே ஒட்ட வழி கண்டது. சுழலும் முளையை இணைப்பில் அழுத்தி, களி கிண்டுற மாதிரி கிண்டிக்கிட்டே போகணும். 2006-ல் சான்றிதழ் வாங்கிய எக்லிப்ஸ் 500 என்ற குட்டி ஜெட்டில் ஏகப்பட்ட ரிவிட்டுகளுக்கு பதிலா இதுதான்.

ஆனா ரிவிட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தோல் கிழிஞ்சாலும் உள்ளே இருக்கிற தாங்குசட்டம் தனித்துண்டு. அது இழுத்துப் பிடிச்சுக்கும். வெல்டிங்கில் ரெண்டும் ஒரே உடம்பு, விரிசல் நேரா சட்டத்துக்குள்ளேயே ஏறிடும். ஏர்பஸ் ஏ318-ல் லேசர் வெல்டிங் வைச்சவங்க, இழுவிசை அதிகமுள்ள மேல்பக்கத்தை விட்டுட்டு, பெரும்பாலும் அமுக்கத்திலேயே இருக்கும் அடிப்பக்கப் பேனல்களைத்தான் தேர்ந்தெடுத்தாங்க.