வழக்குச் செலவு: தண்டமும் ஈடும்

உரிமையியல் வழக்கொன்று முடிவுறுங்கால், செலவை யார் ஏற்பது என்று கூறும் தொடரொன்று தீர்ப்பாணையின் இறுதியில் நிற்கும். வழக்காடியோர் அதனை ஊன்றி நோக்குவர். வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கடந்து செல்வர். தோற்றவன் தரும் பணம் அவன் குற்றத்திற்குரிய தண்டமா, வென்றவன் இழப்பிற்குரிய ஈடா என்னும் பழைய வினா அத்தொடருள் அடங்கியுள்ளது. இவ்விரு கருத்துகளும் பிரிந்தும் கலந்தும் வந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பண்டை இந்திய அறநூல்களில் தண்டமே மேலோங்கி நிற்கக் காண்கிறோம். அவையில் கடனை ஒப்புக்கொண்டவன் நூற்றுக்கு 5 பங்கும், மறுத்துத் தோற்றவன் 10 பங்கும் தண்டம் இறுக்கவேண்டும் என மநுநூலின் எட்டாம் இயல் விதிக்கின்றது. ஆயின் அருத்தசாத்திரத்தின் மூன்றாம் அதிகரணம், தண்டத்தைக் கூறியபின், 'புருஷபிருதி', 'பதிபக்தம்' என இரண்டைத் தனியே எடுத்தோதி, அவ்விரண்டையும் தோற்றவனே தரவேண்டும் என்கின்றது. முன்னது ஆட்கூலி, பின்னது வழியுணவு. தண்டம் வேறு, செலவு வேறு என்னும் தெளிவு அந்நூலாசிரியர்க்கு இருந்தமை இதனாற் பெறப்படும். எனினும், வென்றவன் தான் செலவிட்ட பொருள் முழுவதையும் மீளப்பெறும் விதியாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

இங்கிலாந்தின் தொடக்கநிலையும் இதற்கு நெருங்கியதே. பொய்யாக முறையிட்டான் என்று தோற்ற வாதி அரசனுக்குத் தண்டம் இறுத்தான். அலைக்கழிந்த எதிர்வாதிக்கு அதனால் யாதும் கிட்டவில்லை. 1278-இல் இயற்றப்பெற்ற குளோஸ்டர்ச் சட்டம், இழப்பீடு பெறும் வாதி தன் வழக்காணைக்குச் செலவிட்டதையும் பெறலாம் என்றது. வழக்காணையின் விலை என்னும் சிறு சொல்லை நீதிமன்றங்கள் வழக்கின் செலவு முழுவதற்கும் விரித்துப் பொருள் கொண்டன. சொற்பொருள் விரிவே ஈண்டுச் சட்ட வளர்ச்சியாயிற்று. ஆயின் வென்ற எதிர்வாதி நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1531-இன் சட்டம் சிலவகை வழக்குகளிலேயே அவனுக்குச் செலவு அளித்தது. 1607-இன் சட்டமே வாதியின் உரிமையை அவனுக்கும் பரவலாக்கிற்று.

சான்சரி மன்றம் மற்றொரு நெறியிற் சென்றது. யார் வென்றார் என்பதோடு நில்லாமல், யார் எவ்வாறு ஒழுகினார் என்பதையும் நோக்கி, அது தன் விருப்புரிமையால் செலவை வகுத்தது. 1873, 1875 ஆம் ஆண்டுகளின் நீதித்துறைச் சட்டங்கள் இருவகை மன்றங்களையும் ஒன்றாக்கியபோது இவ்விருப்புரிமை பொதுநெறியாயிற்று. தோற்றவன் தருவதே வழக்கம் என்பதும் உடன் நிலைத்தது. அமெரிக்காவோ பிறிதொரு வழியை மேற்கொண்டது. வழக்குரைஞர் ஊதியத்தை இழப்பீட்டில் சேர்த்தலாகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1796-இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவின் 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் விருப்புரிமையையும் வழக்கத்தையும் 35 ஆம் பிரிவில் இணைத்தது. செலவு தீர்ப்பின் வழிச் செல்லாதாயின் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் காட்டவேண்டும். 1922-இல் 35-ஏ பிரிவு சேர்ந்தது. பொய்யென்றோ அலைக்கழிப்பதென்றோ அறிந்தே வழக்காடியவன் ஈட்டுச் செலவு தரவேண்டும் என்பது அதன் கருத்து. இதன் உச்ச அளவு 1,000 ரூபாய். 1976-இல் 3,000 ரூபாயாக உயர்ந்தது. வழக்கைத் தாழ்த்துவோர்மேல் செலவு சுமத்தும் 35-பி பிரிவும் அவ்வாண்டிலேயே வந்தது.

35-ஏ பிரிவின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. பெயரால் அது ஈடு. பொய்மையோ அலைக்கழிப்போ வேண்டும் என்னும் நிபந்தனையால் அது தண்டம். உச்ச அளவோ அதனை இரண்டும் அல்லாததாக்கிவிட்டது. பல்லாண்டு அலைந்தவனுக்கு அத்தொகை ஈடாகாது. பொய்யுரைத்தவனை அச்சுறுத்தவும் போதாது.

இக்குறை நம் நாட்டகத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் வெளிப்பட்டது. நடைமுறைச் சட்டத்தின் 1999, 2002 ஆம் ஆண்டுத் திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2005-இல் உச்ச நீதிமன்றம் செலவைப் பற்றியும் விரித்துரைத்தது. அவரவர் செலவை அவரவரே ஏற்க விடுவது பயனற்ற வழக்குகளை ஊக்குவிக்கும் என்றும், கட்டணத்தோடு வழக்காடுவோர் செலவிட்ட காலம், போக்குவரவு, தங்குதல் முதலியனவும் கணக்கிற் சேரவேண்டும் என்றும் கூறிற்று. அருத்தசாத்திரம் கூறிய வழியுணவு ஈண்டு மீண்டும் தோன்றுதல் காண்க.

2012-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 240 ஆம் அறிக்கையை உரிமையியல் வழக்குச் செலவு பற்றியே அளித்தது. 2015-இன் வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளில் தோற்றவன் தருவதே பொதுவிதி என்றது. 35-ஏ பிரிவின் உச்ச அளவையும் அவ்வழக்குகட்கு நீக்கிற்று. தக்க உடன்பாட்டை மறுத்தவனது ஒழுக்கமும் இனி எண்ணப்படும். ஏனை வழக்குகட்கு நடுவணரசின் சட்டத்தில் 3,000 ரூபாய் எல்லையே நிற்கின்றது.

முழுச் செலவையும் தோற்றவன்மேல் ஏற்றினால், மெய்யான குறையுடைய வறியவன் மன்றத்தை அணுக அஞ்சுவான் என்பர். அது புறக்கணிக்கத்தக்க தடையன்று. அதற்கு விடை, ஈட்டையும் தண்டத்தையும் பிரித்தறிவதே. நேர்மையாக வழக்காடித் தோற்றவனிடம் தக்க செலவையே பெறுக. பொய்யறிந்து வழக்காடியவனுக்கு 3,000 ரூபாய் எல்லை அரணாதல் கூடாது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியதே இக்குழப்பத்தின் வேர் என்பது நம் துணிபு.