குமாரமங்கலத்துப் பீரங்கித் தளபதி

1966 முதல் 1969 வரை இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தின் மூத்த மகன். 1913 ஜூலை 1 அன்று பிறந்தவர். தந்தை டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். கிரிக்கெட்டில் தீராத ஆர்வம் கொண்டவர், பின்னாளில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். தாய் ராதாபாய் மங்களூர்க்காரர். 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் குரலாக அமர்ந்த இருவரில் ஒருவர்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் போன வழிகள் வேறு வேறு. மூத்தவர் பிரிட்டிஷ் மன்னரின் படையில் அதிகாரி. தம்பி மோகன் குமாரமங்கலமோ கம்யூனிஸ்ட் ஆகி, அதே மன்னரின் அரசு தொடுத்த சென்னைச் சதி வழக்கில் கைதானார். தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கோவையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். கொங்கு நாட்டின் வேறெந்த ஜமீன் வீட்டிலும் இப்படி ஒரு காட்சியைக் காண்பது அரிது.

பிரபாகர் படித்தது இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில். பிறகு வூல்விச் இராணுவக் கழகத்தில். குதிரையேற்றம், போலோ, கிரிக்கெட் மூன்றிலும் தேர்ந்தவர். வூல்விச் என்பது பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அதிகாரிகளை உருவாக்கிய இடம். ஓர் இந்திய இளைஞர் அங்கு படித்து பீரங்கி அதிகாரி ஆனதன் அருமையை இன்று உணர்வது கடினம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிப் பிரிவுகளைத் தவிர மற்றப் பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்க ஆங்கில அரசு அஞ்சியது. அந்தத் தடை முக்கால் நூற்றாண்டு நீடித்தது. 1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் படைப்பிரிவு அமைந்தபோதுதான் அது உடைந்தது. குதிரைகள் இழுத்த பீரங்கிகள் அவை. 1933இல் அதிகாரியான குமாரமங்கலம், இந்தியப் பீரங்கிப் படையின் முதல் தலைமுறை அதிகாரிகளில் ஒருவர். குதிரையை நன்கு அறிந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான படை கிடைத்திருக்காது.

அவரது பெயரை நிலைநாட்டியது இரண்டாம் உலகப் போரின் லிபியப் பாலைவனம். 1942 மே 26 இரவு, ஜெர்மானியத் தளபதி ரோம்மல் தன் டாங்கிப் படையைத் தெற்கே வளைத்து பிர் ஹக்கீம் அரணைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்குத் தென்கிழக்கே, 171ஆம் புள்ளி எனப்பட்ட மேட்டில் 3ஆவது இந்திய மோட்டார் பிரிகேடு அப்போதுதான் வந்து சேர்ந்து குழி தோண்டிக்கொண்டிருந்தது. கண்ணிவெடிகளைப் புதைத்து முடிக்கவில்லை, டாங்கிகளும் கைவசம் இல்லை. அதனுடன் இருந்த 2ஆவது களப் பீரங்கி ரெஜிமெண்டில் குமாரமங்கலம் ஒரு பேட்டரியின் (பீரங்கிக் குழுவின்) தலைவர்.

அவர்களிடம் இருந்த 25 பவுண்டர் பீரங்கி, ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள குண்டைப் பல கிலோமீட்டர் தூரம் வீசும். வழக்கமாக இலக்கு பீரங்கிக்காரர் கண்ணில் படாது. முன்னே நிற்கும் பார்வையாளர் வானொலியில் சொல்லும் திருத்தத்தை வைத்தே சுடுவார்கள். 27ஆம் தேதி காலையில் அந்த வழக்கத்துக்கு இடமே இல்லாமல் போனது. இத்தாலிய அரியேத்தே டிவிஷனின் டாங்கிகள் நேராக மேட்டை நோக்கி வந்தன. குழலைத் தாழ்த்தி, குறிக்கண்ணாடி வழியே நேருக்கு நேர் பார்த்துச் சுட வேண்டியிருந்தது. பல டாங்கிகள் பீரங்கிகளின் முன்னேயே எரிந்து நின்றன. ஆனால் எண்ணிக்கை வென்றது. காலைப் பொழுதுக்குள் மேடு வீழ்ந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் கிடந்தனர். அங்கிருந்த 18ஆவது குதிரைப்படையுடன் விரும்பி வந்து சேர்ந்திருந்த, 70 வயதைக் கடந்த ஆங்கிலேய அட்மிரல் வால்டர் கோவனும் அன்று பிடிபட்டார். இந்தச் சண்டையில் காட்டிய தலைமைக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. (Distinguished Service Order) விருது கிடைத்தது.

அந்த ஆண்டே அவரும் போர்க் கைதியானார். இத்தாலிய முகாமில் அவருடன் அடைபட்டிருந்த இந்திய அதிகாரிகளில், பின்னாளில் பாகிஸ்தான் படையில் சேர்ந்த யாஹ்யா கான், சாஹப்சாதா யாகூப் கான் ஆகியோரும் உண்டு. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் கைதிகள் பலர் வெளியேறினர். தப்பிய குமாரமங்கலத்துக்கு இத்தாலியக் கிராமத்தார் அடைக்கலம் தந்தனர். ஆனால் கால் வழுக்கிக் கணுக்கால் முறிந்ததில் மறுபடி ஜெர்மானியரிடம் சிக்கினார். தப்பிச் செல்லக்கூடியவர் என்று கருதப்பட்டதால் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944 மார்ச்சில் 76 கைதிகள் சுரங்கம் வழியே தப்பி, பிடிபட்டோரில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட முகாம் அது.

போர் முடிந்ததும் அவர் ஆசிரியரானார். தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் பீரங்கி சுடும் கலையின் பயிற்றுநர் பணி. இந்தப் பாடம் முழுக்கக் கணக்கு: காற்றின் வேகம், வெடிமருந்தின் வெப்பம், நிலத்தின் உயரம், குழலின் தேய்மானம் என ஒவ்வொன்றும் குண்டு விழும் இடத்தை மாற்றும். முதல் குண்டு இலக்கைத் தாண்டி விழுந்தால் அடுத்ததை முன்னே விழச்செய்து, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து இலக்கை நெருங்குவதே முறை. நாடு பிரிந்தபோது பீரங்கிப் படையும் பிரிந்தது. ஆங்கில அதிகாரிகளும் கிளம்பினர். அந்த நேரத்தில் இந்தக் கலையை முறையாகக் கற்பிக்கத் தெரிந்த இந்தியர் வெகு சிலரே. போர்க்களப் புகழைவிட இந்தப் பள்ளிப் பணியே படைக்கு நீண்ட நாள் பயன் தந்தது எனலாம்.

சீனப் போருக்குப் பின் 1963இல் கிழக்குப் பிராந்தியத் தளபதி. 1965 பாகிஸ்தான் போரின்போது துணைத் தலைமைத் தளபதி. 1966 ஜூன் 8 அன்று தலைமைப் பொறுப்பேற்றார். தமிழ்நாட்டிலிருந்து அப்பதவிக்கு வந்த முதலாமவர் அவரே. மன்னரின் நேரடி நியமனம் பெற்ற இந்திய அதிகாரிகளில் அதை வகித்த கடைசி மனிதரும் அவரே. அதே ஆண்டு செப்டம்பரில் யாஹ்யா கான் பாகிஸ்தான் படையின் தலைவரானார். முள்வேலிக்குள் ஒன்றாக வாழ்ந்த இருவர் எதிரெதிர்ப் படைகளின் தலைமையில் நின்றனர்.

அவர் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதே, 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையின் நாதுலாவிலும், அக்டோபரில் சோலாவிலும் சீனப் படையுடன் மோதல் மூண்டது. நாதுலாவில் இந்தியப் பீரங்கிகள் இடைவிடாமல் முழங்கி எதிர்ப்பக்கப் பதுங்குகுழிகளைத் தகர்த்தன. 1962இன் தோல்வியால் துவண்டிருந்த படைக்கு இது நிமிர்வைத் தந்தது.

1969 ஜூன் 7 அன்று ஓய்வு பெற்றபோது பொறுப்பை சாம் மானெக்ஷாவிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அதன்பின் அகில இந்திய விளையாட்டுக் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். 2000 மார்ச் 13 அன்று, 86ஆம் வயதில் காலமானார்.