இந்தியாவில் சிறிய எஸ்யூவி கார்களும் வேரியன்ட் தேர்வும்

சிறிய எஸ்யூவி அல்லது காம்பாக்ட் கிராஸ்ஓவர் என்பது, சாதாரண மகிழுந்தின் அடித்தளத்தின் மீது, ஜீப்பைப் போன்ற உயரமான தோற்றமும் கூடுதல் தரை இடைவெளியும் கொடுத்துக் கட்டப்படும் குடும்பப் பயன்பாட்டுக் கார் ஆகும். ஒரே காரை, வசதிகளைக் கூட்டியும் குறைத்தும் பல விலைப் படிகளில் விற்பது வேரியன்ட் முறை எனப்படுகிறது. பேச்சு வழக்கில் கீழ்ப்படியைப் 'பேஸ் மாடல்' என்றும் மேல்படியை 'டாப் மாடல்' என்றும் அழைப்பர்.

இந்தியாவில் இவ்வகைக் காரின் அளவைப் பெரிதும் தீர்மானித்தது 2006-ஆம் ஆண்டின் வரி விதி ஆகும். அதன் பேஸ் மாடலில் என்ன இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் சந்தையே முடிவு செய்தது. 2014-க்குப் பிறகு விபத்துச் சோதனைகளும் அரசு விதிகளும் அந்த முடிவில் பங்கு பெற்றன.

கிராஸ்ஓவரின் தோற்றம்

பழைய ஜீப் வகை வண்டிகள், லாரியைப் போலத் தனியான இரும்புச் சட்டகத்தின் மீது உடற்பகுதியைப் பொருத்திக் கட்டப்பட்டவை. அவை கரடுமுரடான பாதைக்கு ஏற்றவை. ஆனால் எடை மிகுந்தவை. எரிபொருளும் அதிகம் செலவாகும். சாதாரணக் காரில் சட்டகமும் உடலும் ஒரே கூடாக இருக்கும். இதனால் எடை குறையும், ஓட்டமும் மென்மையாக இருக்கும். இந்த இரண்டாம் முறையில் ஜீப்பின் பயன்களைத் தர முயன்றதன் விளைவே கிராஸ்ஓவர்.

1977-இல் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த லாடா நிவா, 1980 மாடலாக அமெரிக்காவில் வெளிவந்த ஏஎம்சி ஈகிள் ஆகியவை இதன் முன்னோடிகள். எனினும் இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டியது 1994-இல் ஜப்பானில் டொயோட்டா வெளியிட்ட ராவ்4 ஆகும். 1995-இல் சிவிக் காரின் அடித்தளத்தைக் கொண்டு ஹோண்டா சிஆர்-வி வந்தது. 1997-இல் சுபாரு ஃபாரெஸ்டர் வந்தது. ஐரோப்பாவில் 2007-இல் விற்பனைக்கு வந்த நிசான் காஷ்காய், குடும்பக் கார் வாங்குவோரைப் பெருமளவில் இவ்வகைக்குத் திருப்பியது.

இவற்றை வாங்கியோரில் பெரும்பாலோர் காட்டுப் பாதையில் செல்பவர்கள் அல்லர். உயரமான இருக்கை, சாலை நன்கு தெரிதல், முதியோர் அதிகம் குனியாமல் ஏறி அமர முடிதல், சாமான்களுக்கு இடம் ஆகியவையே அவர்களுக்கு வேண்டியிருந்தன. அதனால் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் அமைப்பு பல மாடல்களில் விருப்பத் தேர்வாக மாறியது. சிலவற்றில் முற்றிலும் மறைந்தது.

வேரியன்ட் முறையின் வரலாறு

ஹென்றி ஃபோர்டு தம் 'மாடல் டி' காரைப் பெரிய மாற்றமின்றி ஏராளமாகச் செய்து விலையைக் குறைத்தார். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழியில் சென்றார். ஒவ்வொருவர் வருவாய்க்கும் தேவைக்கும் ஒரு கார் என்பது அவர் கொள்கை. முதலில் செவ்ரோலெட் முதல் கேடிலாக் வரை வெவ்வேறு பெயர்களில் இந்தப் படிகள் அமைந்தன. பின்னர் ஒரே பெயருக்குள்ளும் படிகள் தோன்றின. 1953-இல் செவ்ரோலெட் கார்கள் ஒன்-ஃபிஃப்டி, டூ-டென், பெல் ஏர் என மூன்று நிலைகளில் விற்கப்பட்டன.

இந்தியாவில் தாராளமயமாக்கலுக்கு முன் கார் கிடைப்பதே அரிது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் வேரியன்ட் பற்றிய பேச்சுக்கு அதிக இடமில்லை. 1990-களுக்குப் பின் போட்டி வளர்ந்தபோது எல்எக்ஸ், விஎக்ஸ், இசட்எக்ஸ் போன்ற எழுத்துகள் பழக்கமாயின. மாருதி கார்களில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ என்பதன் இறுதியில் உள்ள 'ஐ', கார்புரேட்டருக்குப் பதிலாக வந்த எரிபொருள் உட்செலுத்து முறையைக் குறித்தது. டீசல் கார்கள் எல்டிஐ, விடிஐ என வழங்கின. நாளடைவில் இவ்வெழுத்துகள் தொழில்நுட்பத்தைவிட, காரை வாங்கியவரின் வசதியைச் சொல்லும் அடையாளங்களாக மாறின.

நான்கு மீட்டர் விதி

2006 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில், சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் எது என்பதற்கு வரையறையும் தரப்பட்டது. நீளம் 4000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இயந்திரம் 1200 சிசிக்குள்ளும் டீசல் இயந்திரம் 1500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும்.

சிறிய கார் உற்பத்தியை ஊக்குவிக்க வந்த இந்த விதி, கார்களின் உருவத்தையே மாற்றியது. செடான் கார்களின் பின்பகுதி சுருக்கப்பட்டது. 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ் நான்கு மீட்டருக்குள் வந்தது. 2012-இல் மாருதியின் டிசையர் 3995 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. எஸ்யூவி வகையில் 2009-இல் வெளிவந்த பிரீமியர் ரியோ இந்த எல்லைக்குள் அமைந்த முதல் முயற்சிகளுள் ஒன்று. அது அதிகம் விற்கவில்லை. 2012-இல் மஹிந்திரா தன் சைலோ வண்டியைச் சுருக்கிக் குவாண்டோவை உருவாக்கியது. அது பழைய சட்டக முறையையே பின்பற்றியது.

2013-இல் மற்றொரு திருப்பம் ஏற்பட்டது. எஸ்யூவிகளுக்கான கலால் வரி 27-லிருந்து 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அப்போது 4000 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இயந்திரம், 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தரை இடைவெளி ஆகியவை எஸ்யூவியின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. ஆகவே தோற்றத்தில் எஸ்யூவியாகவும் வரிக் கணக்கில் சிறிய காராகவும் இருக்கும் வண்டிக்கு இரட்டை ஆதாயம் கிடைத்தது.

சென்னைப் பகுதியின் பங்கு

இவ்வகைக் கார்கள் இந்தியாவில் பரவியதில் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2012 ஜூலையில் ஒரகடம் ஆலையில் செய்யப்பட்ட ரெனோ டஸ்டர் விற்பனைக்கு வந்தது. இதன் நீளம் 4.3 மீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால் வரிச் சலுகை இல்லை. ஆயினும் ஒற்றைக்கூடு அமைப்பில் வந்த இக்கார், குடும்பங்கள் இவ்வகையை விரும்பி வாங்குவர் என்பதைக் காட்டியது.

2013 ஜூனில் மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தது. தொடக்க விலை 5.59 லட்சம் ரூபாய். இதன் முதல் தலைமுறை 2003-இல் பிரேசிலில் பிறந்தது. இந்திய மாடலின் நீளம் 3999 மில்லிமீட்டர். எல்லைக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவு! இதன் 1 லிட்டர் பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல் வகைகளுக்குச் சலுகை கிடைத்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் வகைக்கு இயந்திர அளவின் காரணமாகக் கிடைக்கவில்லை. பின்னாளில் மறைமலைநகரில் செய்யப்பட்ட ஈகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாயின. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது.

2015 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் செய்யப்பட்ட ஹூண்டாய் கிரெட்டா வந்தது. 2016 மார்ச்சில் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017 செப்டம்பரில் டாடா நெக்ஸான், 2019-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி300, ஹூண்டாய் வென்யூ, 2020-இல் கியா சோனெட், நிசான் மேக்னைட் எனப் போட்டி பெருகியது.

ஒரே பெயர், இரு வேறு பாதுகாப்பு

வேரியன்ட் முறையின் கடுமையான விளைவு விபத்துச் சோதனைகளில் வெளிப்பட்டது. 2014 ஜனவரியில் குளோபல் என்சிஏபி என்னும் அமைப்பு இந்தியக் கார்களின் முதல் சோதனை முடிவுகளை வெளியிட்டது. காற்றுப்பை இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோ, பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட அதே போலோ நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. இதன் பின் அந்நிறுவனம் காற்றுப்பை இல்லாத வகையை இந்தியாவில் விற்பதை நிறுத்தியது.

2017-இல் டஸ்டர் சோதிக்கப்பட்டது. காற்றுப்பை இல்லாத பேஸ் மாடல் சுழியம் பெற்றது. ஓட்டுநர் காற்றுப்பை மட்டும் உள்ள வகை மூன்று நட்சத்திரங்கள் பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார். மோதலில் அவற்றின் ஓட்டுநர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்போ முற்றிலும் வேறு.

2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. இச்சோதனையில் இந்தியக் கார் ஒன்று ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை. அதன் பேஸ் மாடலிலேயே இரண்டு காற்றுப்பைகள் இருந்தன. பாதுகாப்பு அதன் பிறகு விளம்பரங்களில் இடம்பெறும் பொருளாயிற்று. எனினும் கூடுதல் காற்றுப்பைகள் டாப் மாடலுக்கே உரியவையாக நீடித்தன. 2015 கிரெட்டாவில் ஆறு காற்றுப்பைகள் உச்ச வேரியன்டில் மட்டும் கிடைத்தன. 2019-இல் வந்த எக்ஸ்யூவி300 காரின் தொடக்க வகையில் இரண்டும் உச்ச வகையில் ஏழும் இருந்தன.

சட்டத்தின் தலையீடு

தேர்வுக்கு விடப்பட்ட சில கருவிகளை அரசு படிப்படியாகக் கட்டாயமாக்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் அமைப்பு, 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. 2019 ஜூலை முதல் ஓட்டுநர் காற்றுப்பை, இருக்கைப் பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்புற நிறுத்த உணரி ஆகியவை கட்டாயமாயின. முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2021 இறுதிக்குப் பிறகும் கட்டாயமானது.

ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு விதி 2022 ஜனவரியில் வெளியானது. அது முதலில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில், இது கட்டாயமாக்கப்படாது என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பாரத் என்சிஏபி என்னும் இந்தியாவின் சொந்த நட்சத்திர மதிப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதே மாதத்தில் ஹூண்டாய் நிறுவனம் தன் எல்லா மாடல்களிலும் ஆறு காற்றுப்பைகளைப் பொதுவாக்குவதாக அறிவித்தது. சட்டம் சொல்லாததைப் போட்டி செய்தது எனலாம்.

வேரியன்ட் தேர்வின் கணக்கு

வாங்குவோர் முன் உள்ள கேள்வி பெரும்பாலும் இருவகைப்பட்டது. சிறிய காரின் டாப் மாடலா, அதே விலையில் பெரிய காரின் பேஸ் மாடலா என்பது ஒன்று. ஒரே காரில் எந்தப் படி என்பது மற்றொன்று. இதில் வசதிகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். இசைக் கருவி, இருக்கை உறை, பின்புறக் கேமரா, அலாய் சக்கரம் போன்றவற்றைப் பின்னரும் பொருத்திக்கொள்ளலாம். காற்றுப்பைகள், கார் வழுக்காமல் காக்கும் மின்னணு நிலைப்படுத்தி, கியர் முறை, இயந்திரம் ஆகியவை ஆலையிலேயே முடிவாகிவிடுபவை. ஒரு முறை விட்டுவிட்டால் காரின் ஆயுள் முழுவதும் அவை இல்லை.

மேல்படிக்குப் போகும்போது விலையுடன் வரியும் காப்பீட்டுத் தொகையும் உயரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுள் வரியின்படி, 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 13 சதவீதமும் 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும் விதிக்கப்பட்டது. 9.9 லட்சம் ரூபாய்க் காருக்கு இவ்வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,81,800 ரூபாய். 20,000 ரூபாய் கூடுதல் விலையுள்ள வேரியன்ட், வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. 10 லட்சத்துக்குச் சற்றுக் கீழே பல வேரியன்ட்கள் நிற்பதன் பொருளை இக்கணக்கு விளக்கும்.

அண்மைக் கால மாற்றங்கள்

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் நான்கு மீட்டர் எல்லை மறையவில்லை. எல்லைக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் காருக்கு இழப்பீட்டு மேல்வரியுடன் 29 சதவீதமும் டீசலுக்கு 31 சதவீதமும் வரி அமைந்தது. எல்லை தாண்டியவற்றுக்கு அது 50 சதவீதம் வரை சென்றது. 2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி நீக்கப்பட்டு, முன்னவற்றுக்கு 18 சதவீதமும் மற்றவற்றுக்கு 40 சதவீதமும் என மாற்றப்பட்டது. 2006-இல் போடப்பட்ட அளவுகோல் ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது.

2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் மிக அதிகமாக விற்ற கார், நான்கு மீட்டருக்குள் அடங்கும் டாடா பஞ்ச். வேரியன்ட் பெயர்களும் மாறிவருகின்றன. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட நெக்ஸான், பழைய எழுத்துக் குறிகளைக் கைவிட்டு ஸ்மார்ட், ப்யூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்னும் பெயர்களை ஏற்றது. பெயர் எதுவாயினும், அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேரியன்ட் வாரியான வசதிப் பட்டியலையே பார்க்க வேண்டும்.