க்ளாக் என்றால் மணி

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டில் சீரியல் கேபிளைச் செருகி, சற்றுப் பழைய லினக்ஸ் கர்னல் ஒன்று எழுவதைப் பாருங்கள். முதலில் ஓடிவரும் வரிகள் எல்லாவற்றின் தலையிலும் 0.000000 என்றே இருக்கும். வரிமேல் வரி வருகிறது, நேரம் மட்டும் நகரக் காணோம். ‘ஒமாப் க்ளாக்சோர்ஸ்: டைமர்1 அட் 24000000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியை ஒட்டித்தான் எண்கள் ஓடத் தொடங்கும். அதுவரை க்ளாக் இல்லையா? இல்லாவிட்டால் ப்ராசசர் ஒரு கட்டளையைக்கூட முடித்திருக்காதே! இருந்தது, ஆனால் அது வேறு க்ளாக். ஒரே பெயரில் இரண்டு பேர்.

இந்தக் குழப்பம் சிப்புக்கு முன்பே சொல்லுக்குள் இருந்தது. இடைக்கால லத்தீனில் ‘க்ளொக்கா’ என்றால் மணி; மடாலயத்தில் துறவிகளைத் தொழுகைக்குக் கூட்டும் மணி. ஜெர்மானியரின் ‘க்ளோக்கெ’, பிரெஞ்சுக்காரரின் ‘க்ளோஷ்’ இன்றைக்கும் மணிதான். டச்சு ‘க்ளொக்’ மணியையும் கடிகாரத்தையும் சேர்த்தே சுமக்கிறது. ஆங்கிலம்தான் மணியை ‘பெல்’லிடம் ஒப்படைத்துவிட்டு, க்ளாக்கை நேரம் காட்டும் யந்திரத்துக்கென்று ஒதுக்கிக்கொண்டது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் 1386ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் இரும்பு க்ளாக் ஒன்று இருக்கிறது. அதற்கு முகப்பும் கிடையாது, முள்ளும் கிடையாது. மணியடிப்பது ஒன்றே அதன் வேலை. ‘மணி என்ன?’ என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையல்ல. ஆனால் நம் ‘கடிகாரம்’ என்ற சொல்லின் பிறப்பு வேறு. கடிகை, நீர்க்கடிகைப் பாத்திரம் என்று அது அளவையின் வழியில் வந்தது.

கணினிக்குள் இந்தப் பெயர் நுழைந்த வழியும் தெரிகிறது. எனியாக் கணினியில் நொடிக்கு ஒரு லட்சம் துடிப்புகளை அனுப்பிய பகுதிக்கு இன்னும் ‘சைக்ளிங் யூனிட்’ என்றே பெயர். எட்வாக் கணினிக்காக ஜான் வான் நாய்மன் 1945 ஜூனில் எழுதிய வரைவறிக்கையில், உறுப்புகள் எப்போது இயங்க வேண்டும் என்பதை ஒரு நிலையான க்ளாக் விதிக்கலாம் என்கிறார். அது சுழலும் அச்சாகவும் இருக்கலாம், படிகத்தால் கட்டுப்படும் மின் அலைவியாகவும் இருக்கலாம் என்பது அவர் விளக்கம். அந்த க்ளாக்கிடம் யாரும் நேரம் கேட்பதில்லை. அது அடிக்கிறது, மற்றவை அசைகின்றன. அறிந்தோ அறியாமலோ, சொல் தன் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டது.

பீகிள்போனில் அடிக்கும் மணி 24 மெகாஹெர்ட்ஸ் படிகம். பிஎல்எல் சுற்றுகள் அதைப் பெருக்கி ப்ராசசருக்கு 1 கிகாஹெர்ட்ஸ் வரை கொடுக்கின்றன. யூஆர்ட், ஐ2சி, டைமர் என்று ஒவ்வொரு மாட்யூலுக்கும் போகும் கிளையில் ஒரு கதவு உண்டு. கதவு மூடியிருந்தால் அந்த மாட்யூலுக்கு மணியோசை கேட்காது. அதன் ரெஜிஸ்டரை அப்போது படிக்கப் போனால் பதில் வராது. ‘எக்ஸ்டர்னல் அபார்ட் ஆன் நான்-லைன்ஃபெட்ச்’ என்று கர்னல் அலறும். அதனால்தான் லினக்ஸில் இதுபோன்ற ஒமாப் குடும்பச் சிப்புகளுக்கு ‘எச்டபிள்யூமாட்’ என்றொரு அடுக்கையே எழுதினார்கள். மாட்யூலின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் மாட்யூல்மோட் பிட்களில் 2 என்று எழுது, ஐடில்எஸ்டி பிட்கள் 0 ஆகும்வரை காத்திரு, அதன்பிறகு தொடு. இதுதான் அது சொன்ன மரியாதை.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. கர்னலுக்கு நேரம் தெரிய டைமர் வேண்டும். டைமர் ஓட க்ளாக் வேண்டும். ஆகவே சாதாரண டிரைவர்கள் எழும்வரை டைமரின் கதவைத் திறப்பதைத் தள்ளிப்போட முடியாது. ‘டைம்_இனிட்’ என்ற ஆரம்பக் கட்டத்திலேயே முடித்தாக வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் இந்தப் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்த விதம் எனக்குப் பிடிக்கும். துடிப்புக்கு, ஆங்கில ‘க்ளாக்’கின் இடை எழுத்துகளை உருவி ‘சி-எல்-கே’ என்று வைத்தார்கள். 2012இல் வந்த 3.4 பதிப்பின் பொது க்ளாக் அமைப்பு முழுக்க அந்த மூன்றெழுத்துதான். எண்ணி நேரம் சொல்வது க்ளாக்சோர்ஸ். குறித்த நேரத்தில் எழுப்பிவிடுவது க்ளாக்ஈவென்ட். ஜெர்மன் பொறியாளர்களுக்கு இந்த வம்பே இல்லை. துடிப்புக்கு அவர்கள் ‘டாக்ட்’ என்கிறார்கள். இசையின் தாளக்கட்டைக் குறிக்கும் சொல். தமிழில் ‘கடிகாரத் துடிப்பு’ என்று எழுதுவோர் உண்டு. தாளம் என்றே சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி. லேபில் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே எல்லாம் க்ளாக்தான்.

மணியை நிறுத்துவதும் கர்னலின் வேலை. பூட் முடியும் தறுவாயில், யாரும் உரிமை கோராத சி-எல்-கேக்களை அது அணைத்துவிடும். பூட்லோடர் திரையில் ஏற்றிவைத்த லோகோ சில போர்டுகளில் திடீரென்று மறைவது இதனால்தான். திரையின் க்ளாக்கை யாரும் தன்னுடையது என்று பதிவுசெய்திருக்க மாட்டார்கள். காரணம் தேடுபவர்கள் ‘சி-எல்-கே_இக்னோர்_அன்யூஸ்டு’ என்று பூட் வரியில் சேர்த்துப் பார்ப்பார்கள். லோகோ தங்கிவிட்டால் சந்தேகம் உறுதி. அதன்பின் டிவைஸ் ட்ரீயில் அந்த க்ளாக்குக்கு ஓர் உரிமையாளரை எழுதிவைக்க வேண்டியதுதான்.