மதிலுக்கு அப்பால் ஒரு குரல்

தென்காசியிலிருந்து மேற்கே சில கல் தொலைவு சென்றால் செங்கோட்டை. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்துடன் இணையும்வரை அவ்வூர் மலையாள நாட்டு ஆட்சியில் இருந்தது. குற்றாலத்துச் சாரல் இரண்டு ஊர்களுக்கும் பொது, சட்டம் வேறு. வைக்கம் முஹம்மது பஷீர் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் எழுதிய ‘பிரேமலேகனம்’ என்னும் சிறு நாவலைத் திருவிதாங்கூர் அரசு 1944-இல் தடை செய்தது. அவ்வாணை செங்கோட்டைவரை செல்லும். பிரிட்டிஷாரின் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த தென்காசியில் செல்லாது!

திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதே பஷீரைச் சிறைக்கு அனுப்பியது. அந்தச் சிறைவாசத்தை வைத்து 1960-களில் அவர் எழுதிய குறுநாவல்தான் ‘மதிலுகள்’.

கதை சிறிது. ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் இடையே உயர்ந்த மதில். இப்பால் எழுத்தாளர், அப்பால் நாராயணி என்னும் கைதி. அவள் வந்திருப்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும்பும் ஒரு காய்ந்த சுள்ளி. பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு, மதிலைத் தாண்டி ரோஜாச் செடியும் போகும்; முகம் மட்டும் இல்லை. சிறை மருத்துவமனையில் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். அதற்கு முன்பே அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது.

இதை அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கினார். மம்முட்டி பஷீராக நடித்தார். நாராயணியை இயக்குநர் கடைசிவரை காட்டவே இல்லை. கண்ணுக்கு விருந்து வைக்கும் கலையில் இது பெருந்துணிவு. முகத்தைக் காட்டியிருந்தால் மதிலும் இடிந்திருக்கும்; கதையும் இடிந்திருக்கும். பார்வையற்ற அரபுக் கவிஞர் பஷ்ஷார் இப்னு புர்து, செவியும் காதல் கொள்ளும் என்ற கருத்தைப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடியவர். அவர் இருந்திருந்தால் இப்படத்தின் பொருளை நம்மினும் நன்கு உணர்ந்திருப்பார்.

குரல் கொடுத்தவர் கே.பி.ஏ.சி. லலிதா. எல்லோரும் அறிந்த நடிகையின் குரல், அறிந்த முகத்தையே நினைவுக்குக் கொண்டுவருகிறது என்று சிலர் குறை கூறினர். அதில் நியாயம் உண்டு.

1989-க்கான தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் விருதுகள் இப்படத்தைச் சேர்ந்தன. 1990-இல் இத்தாலியின் வெனிஸ் விழாவில் உலக விமர்சகர்களின் பரிசும் கிடைத்தது. அப்போது பஷீர் உயிருடன் இருந்தார், 1994-இல் மர்ஹூமானார்.

கவிஞர் சுகுமாரன் ‘மதில்கள்’ என்று தமிழில் பெயர்த்திருக்கிறார். ஓர் இரவில் வாசித்துவிடலாம். படத்திற்கு முன் நூலை வாசிப்பது நலம். நாராயணிக்கு உரிய குரலை நம் செவியே தேர்ந்துகொள்ளும்.