பச்சை விளக்குகள் காட்டிய பாதை

பிரெஞ்சு மொழியில் 'பலிஸாஜ்' என்றொரு சொல் உண்டு. விமான ஓடுபாதையில் பூசும் கோடுகள், எண்கள், பதிக்கும் விளக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து இந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் கடல் அடையாளத்தின் பெயர் 'பலிஸ்'. அதிலிருந்து பிறந்த சொல் இது. 1836-இல் ஏற்றிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

விமானத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே கவனியுங்கள். ஓடுபாதையின் தொடக்கத்தில் பெரிய எண் இருக்கும். அது வரிசை எண் அல்ல, திசைகாட்டியின் பாகை. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். 05 என்றால் ஏறக்குறைய 50 பாகை. அதே பாதையின் மறுமுனை 23. ஒரே திசையில் இரண்டு பாதைகள் இருந்தால் ஒன்று இடது, மற்றது வலது. ஆங்கில எழுத்து எல் அல்லது ஆர் சேர்ப்பார்கள்.

ஓடுபாதையில் வெள்ளைக் கோடு. அதற்குப் போய்ச்சேரும் டாக்ஸிவேயில் மஞ்சள் கோடு. இரவில் ஓடுபாதையின் ஓரத்திலும் நடுவிலும் வெள்ளை விளக்கு (முடிவு நெருங்கும்போது நிறம் மாறும்). டாக்ஸிவேயில் ஓரம் நீலம், நடு பச்சை. மொந்த்ரேயாலில் தலைமையகம் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-இல் ஏற்ற 14-ஆம் இணைப்புதான் உலகுக்கெல்லாம் இந்த இலக்கணத்தை வகுத்தது.

இலக்கணம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குத் தைவானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2000 அக்டோபர் 31. தைபேயின் சியாங் காய்-ஷேக் விமான நிலையம். புயல் மழை, இரவு 11 மணி தாண்டிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747-இல் 179 பேர். கட்டுப்பாட்டு அறை கொடுத்த பாதை '05 இடது'. அதற்குச் சுமார் 200 மீட்டர் முன்னால், இணையாக, '05 வலது'. அதில் ஒரு பகுதியில் பழுதுவேலை நடந்ததால் புறப்பாட்டுக்கு அது மூடப்பட்டிருந்தது. மிச்சப் பகுதியை டாக்ஸிவேயாக மட்டும் பயன்படுத்தினார்கள்.

விமானிகள் திரும்பிய இடத்தில் பச்சை விளக்குகள் வளைந்து '05 வலது' பாதைக்குள்ளேயே போயின. நேரே '05 இடது' நோக்கிப் போக வேண்டிய விளக்குகள் இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கல். உள்ளே போனதும் கண்முன்னே ஓடுபாதைக்குரிய வெள்ளைப் பட்டைகள். ஆனால் நடுவில் எரிந்தது பச்சை. பூச்சு 'இது ஓடுபாதை' என்கிறது, விளக்கு 'இது டாக்ஸிவே' என்கிறது. மூடிய பாதை என்று சொல்லும் பெருக்கல் குறியோ தடுப்போ தொடக்கத்தில் இல்லை. இரண்டு பாதைகளும் ஒரே திசை என்பதால் திசைகாட்டியும் உதவவில்லை.

வேகமெடுத்த விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கான்கிரீட் தடுப்புகளிலும் மண்வெட்டும் இயந்திரங்களிலும் மோதித் தீப்பற்றியது. 83 பேர் இறந்தார்கள். விமானிகள் மூவரும் பிழைத்தார்கள்.

2002-இல் வந்த தைவான் அறிக்கை, விமானிகள் பாதையைச் சரிபார்க்கவில்லை என்றது. சிங்கப்பூர் தரப்போ விமான நிலையத்தின் குறைகளை அழுத்திச் சொன்னது. பாதை எண்ணைச் சொல்லும் பலகை அங்கே இருந்தது, ஆகவே விமானிகளை முழுதாக விடுவிக்க முடியாது. ஆனாலும் என் மனம் விமான நிலையத்தின் பக்கம்தான் அதிகம் கோபப்படுகிறது. முடித்த கோப்பின் மேலட்டையில் 'முடிவுற்றது' என்று எழுதாமல் நடப்புக் கோப்புகளோடு அடுக்கிவைத்தால், எடுப்பவரை மட்டும் குறைசொல்ல எங்கள் அலுவலகத்தில்கூட யாரும் துணியமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1971-இல் ஐ.நா. இடத்தை இழந்தபின் தைவானுக்கு அந்த மொந்த்ரேயால் அமைப்பிலும் இடமில்லை. விதி எழுதும் மேசையில் உட்காராமலே விதிப்படி நடக்க வேண்டிய நிலை.

'05 வலது' பாதையை முழு டாக்ஸிவேயாக மாற்ற நாள் குறித்து, பிறகு தள்ளிப்போட்டிருந்தார்கள். முதலில் குறித்த நாள் 2000 நவம்பர் 1. விபத்து நடந்தது அதற்கு முந்தைய இரவு 11:17-க்கு.